பெயர் எழுதாத சீட்டு

அத்தியாயம் 14

தீபிகா வந்து சேர இன்னும் கால் மணி நேரம்தான் இருந்தது. சபைக் கூடத்தில் பாய்களை வரிசையாக விரிப்பதா, வட்டமாக விரிப்பதா என்று மஞ்சுளா மூன்றாவது தடவையாக மாற்றிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் வட்டமே என்று முடிவு செய்தாள். வரிசையாக உட்கார வைத்தால் தன் வாய் தானாகப் பிரசங்கத்துக்குப் போய்விடும் என்று அவளுக்கே தெரியும். போன மாதம் அப்படித்தான் ஆனது. பதின்வயதுப் பிள்ளைகள் மத்தியில் ஊழியம் செய்வதற்கான பயிற்சியில் அவளுக்கு வைத்த முதல் செய்முறைத் தேர்வில் நாற்பது நிமிடம் மூச்சு விடாமல் பேசினாள். ஒரு பையன் சுவரில் சாய்ந்து தூங்கியே போனான். பின்னால் உட்கார்ந்திருந்த பயிற்சியாளர் தீபிகா, மதிப்பெண் தாளின் அடியில் ஒரே ஒரு வரி எழுதினாள்: ‘அவர்கள் எப்போது பேசினார்கள்?’

அன்று பஸ்ஸில் நாமக்கல் வரும்வரை மஞ்சுளா அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தாள்.

ஒன்பது மாதமாகச் சனிக்கிழமை தோறும் சேலத்துக்குப் போய் வருகிறாள். வகுப்பில் மற்றவர்களெல்லாம் கல்லூரி முடித்த கையோடு வந்தவர்கள். நாற்பத்தியொரு வயதில் அவள் ஒருத்திதான். துண்டு தைக்கும் கம்பெனியில் சனிக்கிழமை வேலையை விட்டுவிட்டு இந்த வயதில் நோட்டும் பேனாவுமாகக் கிளம்புகிறவளை அவள் கணவன் மதன் ‘ஊழியக்காரம்மா’ என்று கேலி செய்வான். ஆனால் பஸ் நிலையம் வரை வண்டியில் கொண்டுபோய் விடுவதும் அவன்தான்.

அவள் ஏன் சேர்ந்தாள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மகள் ஸ்ரீதேவி பத்தாம் வகுப்பு படித்தபோது ஆறு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை, பேசவில்லை. பரீட்சை பயம் என்று மஞ்சுளா நினைத்துக்கொண்டாள். விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்த வந்த யாரோ ஒரு பெண் சபைப் படிக்கட்டில் அவளோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள். ஸ்ரீதேவி அழுது தீர்த்தாள். ஸ்கூல் பஸ்ஸில் தினமும் நடந்த கொடுமை அப்போதுதான் பெற்றவளுக்கே தெரிந்தது. இன்று ஸ்ரீதேவி சேலத்தில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தைத் தான் ஏன் கொடுக்கவில்லை என்ற கேள்வி மஞ்சுளாவை விடவில்லை.

“என்னக்கா, பயமா இருக்கா?”

வாசலில் தீபிகா நின்றாள். ஆத்தூர்க்காரி. இருபத்தெட்டு வயது. தோளில் பை, கையில் அதே மதிப்பெண் தாள்.

“பயமெல்லாம் இல்லீங்க சிஸ்டர். பாயைத்தான் மூணு தடவை மாத்திப்போட்டேன்.”

“பாயை எத்தனை தடவை வேணா மாத்துங்க. வாய் மட்டும் கம்மியாப் பேசட்டும்” என்று சிரித்துவிட்டுத் தீபிகா மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பத்து மணிக்குப் பிள்ளைகள் வந்தார்கள். பதினான்கு பேர். பையன்கள் கதவோரம், பெண்கள் ஜன்னலோரம். மதனின் அக்கா மகள் எப்சிபா கடைசியாக வந்தாள். பதினாறு வயது, ப்ளஸ் ஒன். அத்தையைப் பார்த்து எப்போதும் வாயெல்லாம் பல்லாகச் சிரிப்பவள் இன்று உதட்டால் மட்டும் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள்.

முதலில் ஒரு விளையாட்டு. இந்த வாரம் வீட்டில் எதற்குத் திட்டு வாங்கினீர்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். பத்து நிமிடத்தில் கூடமே கலகலத்தது. அதன் பிறகு மஞ்சுளா ஆளுக்கொரு வெள்ளைச் சீட்டு கொடுத்தாள்.

“யாருகிட்டயும் கேக்க முடியாத ஒண்ணை இதுல எழுதுங்க சாமி. பேரு போட வேண்டாம். எழுதறதை நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிய மாட்டேன். ஆனா ஒண்ணு. யாருக்காச்சும் ஆபத்துன்னு அதுல இருந்துச்சுன்னா, அதை நான் என்ற மனசுக்குள்ள பூட்டி வெச்சுக்க மாட்டேன். உதவி பண்ணக் கூடியவங்ககிட்டச் சொல்லுவேன். இதை இப்பவே சொல்லிப்போட்டேன்.”

மூலையில் தீபிகாவின் பேனா அசைந்தது. போன தடவை மஞ்சுளா சொல்ல மறந்தது அதைத்தான்.

ஒரு அட்டைப் பெட்டியில் சீட்டுகள் விழுந்தன. மஞ்சுளா ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தாள். ‘ஜெபம் பண்ணும்போது பிரியாணி ஞாபகம் வருகிறது. பாவமா?’ எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ‘எங்கப்பா என் போனை முட்டை அட்டைக்குள் ஒளித்து வைக்கிறார். எடுத்தால் திருட்டா?’ அதற்கும் சிரிப்பு. ‘என் தோழி என்னோடு பேசுவதில்லை. நான் என்ன தப்பு செய்தேன் என்று தெரியவில்லை.’ இதற்கு யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பெண்கள் தங்களுக்கும் அப்படி நடந்ததைச் சொன்னார்கள்.

நான்காவது சீட்டைப் பிரித்தாள்.

‘வியாழக்கிழமை எனக்கு நிச்சயம். எனக்குப் பதினாறு வயது. ஆண்டவரிடம் சொல்லிவிட்டேன். இன்னும் யாரிடம் சொல்ல வேண்டும்?’

பெயர் இல்லை. தேவையும் இருக்கவில்லை. ‘வியாழக்கிழமை’யில் இருந்த இரண்டு ‘ழ’வுக்கும் வால் அடுத்த வரிவரை இறங்கியிருந்தது. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் மஞ்சுளாவுக்கு வாழ்த்து அட்டை எழுதித் தருகிற கை அது.

“என்னங்கக்கா போட்டிருக்குது? படிங்க” என்றான் ஒரு பையன்.

“இது எனக்குன்னு எழுதுன சீட்டு சாமி. நான் அப்பறம் பாத்துக்கறேன்” என்று மடித்துக் கைப்பையில் வைத்தாள். குரல் பிசகாமல் வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஜன்னல் பக்கம் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த சீட்டை எடுத்தாள்.

தயாரித்து வந்த பாடம் மனதைவிட்டுப் போய்விட்டது. ஆகவே கேட்டாள்: “உங்க கூட்டாளி யாராச்சும் கஷ்டத்துல இருக்காங்கன்னு தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க?”

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். வேறு வழி இல்லாமல்தான். இருபது நிமிடம் பிள்ளைகளே பேசினார்கள். கூடவே இருப்பேன் என்றாள் ஒருத்தி. பாஸ்டரிடம் சொல்வேன் என்றான் ஒருவன். கதவோரம் இருந்த நெட்டைப் பையன் சட்டென்று சொன்னான்: “பெரியவங்ககிட்டச் சொன்னா அவங்க நேரா நம்ம ஊட்டுலயே போயி சொல்லிப்போடுவாங்க. பொறவு நமக்குத்தான் ஒதை.”

மஞ்சுளா தலையை ஆட்டினாள். “நீ சொல்றது சரிதான் சாமி. எனக்கும் அதுக்கு இன்னும் பதில் தெரியல.”

கூட்டம் முடிந்தது. டீ குடித்த டம்ளர்களைக் கழுவ எப்சிபா பின்பக்கக் குழாய்க்குப் போனாள். மஞ்சுளா பின்னாலேயே போய்ப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டாள்.

இரண்டு பேரும் நாலைந்து டம்ளர் கழுவி முடித்தார்கள்.

“கண்டுபிடிச்சிட்டீங்களா அத்தை?”

“ம்.”

“எனக்குத் தெரியும், கண்டுபிடிப்பீங்கன்னு.”

“மாப்பிள்ளை யாரு கண்ணு?”

“தம்மம்பட்டி. எங்க அப்பா வழியில ஒறவு. ரிக் வண்டியில ஆந்திராப் பக்கம் போர்வெல் போடப் போறாரு. இருபத்தெட்டு வயசு. நல்லவருதான் அத்தை. ஒருக்கா வந்திருந்தாரு. சாக்லேட் குடுத்தாரு.” அவள் டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். “திங்கக்கிழமை அம்மா ஸ்கூலுக்கு வந்து டி.சி. கேக்கப் போறாங்க. கல்யாணம் அடுத்த மாசமே தம்மம்பட்டியில, ஊட்டோட.”

“உன்றகிட்டக் கேட்டாங்களா?”

எப்சிபா தலையை ஆட்டினாள். இல்லை.

“நீ வேண்டாம்னு சொன்னியா?”

“அம்மா அழுவுறாங்க அத்தை. நான் வாயைத் தொறந்தாலே அழுவுறாங்க. அக்கா மாதிரி நீயும் போயிடாதடி, நீயும் போயிடாதடின்னு.” அவள் குழாயை மூடினாள். “மாமாவுக்குப் பத்து நாளைக்கு முன்னாலயே அம்மா சொல்லிட்டாங்களே. உங்ககிட்டச் சொல்லலீங்களா?”

மஞ்சுளா கையில் இருந்த டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள்.

மாமா என்றால் மதன். பத்து நாளைக்கு முன்னாலேயே எப்சிபாவின் அம்மா உண்ணாமலை தம்பியைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறாள். பத்து நாள் அவன் இவள் கையால் சாப்பிட்டிருக்கிறான், பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டிருக்கிறான், இன்று காலைகூட ‘தைரியமாப் பண்ணு’ என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

கூடத்தில் தீபிகா தாளை மடித்து வைத்திருந்தாள். மஞ்சுளா சீட்டை நீட்டினாள். தீபிகா படித்தாள். யார் என்று கேட்டாள். மஞ்சுளா சொன்னாள்.

“இன்னைக்கே சொல்லணும்க்கா. ஆயிரத்துத் தொண்ணூத்தெட்டு. குழந்தைகள் உதவி எண்ணு. நாளைக்குன்னு தள்ளக் கூடாது.”

“தெரியுங்க.”

“நான் பண்ணிடறேன். சொன்னது யாருன்னு அவங்க வெளியில விட மாட்டாங்க. உங்க குடும்பத்துக்குள்ள உங்க பேரு வரவே வராது.”

மஞ்சுளா யோசித்தாள். உண்மையில் மனம் அந்த வழியில் ஒரு அடி எடுத்து வைத்துவிட்டது. யாரோ சொன்னார்கள், அதிகாரிகள் வந்தார்கள், நிச்சயம் நின்றது. உண்ணாமலை அழும்போது கூட உட்கார்ந்து ஆறுதல்கூடச் சொல்லலாம்.

“வேண்டாங்க சிஸ்டர். அவ பேரு போடாம எழுதுனா. நானும் பேரு போடாம இருந்தேன்னா, பொறவு அவளுக்கு யாருதான் ஆளு?”

தீபிகா சீட்டை அவளிடமே திருப்பிக் கொடுத்தாள். “சரிக்கா. ஆனா முதல்ல போன். அப்புறம்தான் வீட்டுல பேச்சு. முன்னாடியே தெரிஞ்சுபோச்சுன்னா பொண்ணை வேற ஊருக்கு அனுப்பிடுவாங்க. இப்படி நடந்ததை நான் பார்த்திருக்கேன்.”

மதன் வேலை செய்வது லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில். லாரி முகப்பில் எழுத்து எழுதுவதில் நாமக்கல்லில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சபையில் பாட்டுப் புத்தகம் பிடிக்கிற கை, மற்ற ஆறு நாளும் முருகன் துணையும் அம்மன் அருளும் எழுதும். போன் பண்ணுவதற்கு முன்னால் அவனிடம் மட்டும் சொல்லிவிட வேண்டும் என்று மஞ்சுளா போனபோது அவன் ஒரு புது வண்டியின் நெற்றியில் முதலாளியின் பேத்தி பெயரை எழுதிக்கொண்டிருந்தான்.

“என்ன, பாஸா பெயிலா?” என்று ஏணியிலிருந்து கேட்டான்.

“எறங்கி வாங்க.”

அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. பிரஷ்ஷைத் துடைத்து வைத்துவிட்டு இறங்கினான். டயர்கள் அடுக்கியிருந்த நிழலுக்கு இரண்டு பேரும் போனார்கள்.

“என்றகிட்ட ஏனுங்க சொல்லல?”

“சொன்னா நீ சும்மா இருக்க மாட்டே.”

“அதனால?”

“அதனாலதான் சொல்லல.” அவன் தரையைப் பார்த்தான். “எங்கம்மா சாகும்போது எனக்கு ஏழு வயசு மஞ்சு. அக்காவுக்குப் பதினஞ்சு. தம்பியும் என்றகூட வருவான், சம்மதம்னா தாலி கட்டுங்கன்னு சொல்லித்தான் அவ கழுத்தை நீட்டுனா. அவ புருஷன் ஊட்டுல நான் தின்ன சோறு ஒவ்வொண்ணும் அவ ஒழைப்பு. அவ வந்து, தம்பி, நீ பக்கத்துல நில்லுடா போதும்னு கேட்டா, நான் எப்படி முடியாதுன்னு சொல்லறது?”

இது மஞ்சுளாவுக்குத் தெரியாத கதை இல்லை. இருந்தாலும் பதினைந்து வயது என்ற அந்த இடத்தில் இன்றுதான் அவள் மனம் போய் முட்டியது.

“ரூத்து போனதுல இருந்து அவ தூங்கறதே இல்ல” என்றான் மதன். ரூத் உண்ணாமலையின் மூத்த மகள். இரண்டரை வருடத்துக்கு முன்னால், தாய் வேலை செய்யும் கோழிப் பண்ணையில் கூண்டு மாட்ட வந்த ஒருவனோடு போனவள். அன்றிலிருந்து ஒரு போன்கூட இல்லை. “எப்சி பஸ் ஸ்டாப்புல எவனோ ஒருத்தன்கிட்டச் சிரிச்சுப் பேசுனதைப் பண்ணையில யாரோ சொல்லியிருக்காங்க. அன்னிக்கே முடிவு பண்ணிட்டா. நிச்சயம் மட்டும்தான் மஞ்சு. கல்யாணம் ப்ளஸ் டூ முடிச்ச பொறவுதான்.”

“அப்படின்னு யாரு சொன்னது?”

“அக்காதான்.”

“திங்கக்கிழமை டி.சி. வாங்கறாங்க. அடுத்த மாசம் கல்யாணம். தம்மம்பட்டியில.”

மதன் நிமிர்ந்தான். பொய் சொல்கிறாயா என்று கேட்க வாயெடுத்து, நிறுத்திக்கொண்டான். பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்துகொண்டான். நீலப் பெயிண்ட் பட்ட விரல்களால் முகத்தைத் துடைத்தான். கன்னத்தில் ஒரு கோடு விழுந்தது.

“என்றகிட்டப் பொய் சொல்லியிருக்கா” என்றான். “அக்கா என்றகிட்ட இதுவரைக்கும் பொய்யே சொன்னதில்ல.”

“எப்சிக்காக நான் போன் பண்ணப் போறனுங்க. உங்ககிட்ட அனுமதி கேட்டு வரல. ஆனா உங்களுக்குத் தெரியாமப் பண்ணவும் எனக்கு மனசு வரல. பத்து நாளா நீங்க எனக்குப் பண்ணுனதை நான் உங்களுக்குப் பண்ண வேண்டாம்னு பாத்தேன்.”

அவனுக்கு அது உறைத்தது. பட்டறைக்குள் யாரோ தகட்டைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

“பண்ணு” என்றான் கடைசியில். “ஆனா என்ற முன்னால பண்ணாத. என்னால கேட்டுக்கிட்டு நிக்க முடியாது.”

ரோட்டோர வேப்ப மரத்தடியில் நின்று மஞ்சுளா எண்களை அழுத்தினாள். மறுமுனையில் ஒரு பெண் நிதானமாகப் பேசினாள். பிள்ளையின் பெயர், வயது, பள்ளி, வீட்டு முகவரி. இப்போது எங்கே இருக்கிறாள். யாராவது அடித்தார்களா.

“உங்க பேரைச் சொல்லணும்னு கட்டாயம் இல்லைங்க மேடம்.”

“மஞ்சுளா. பிள்ளைக்கு அத்தை. தாய்மாமன் சம்சாரம்.”

நாளைக் காலையில் ஆட்கள் நேரில் வந்து வீட்டாரிடம் பேசுவார்கள் என்றும், அதுவரை பிள்ளை பத்திரமான இடத்தில் இருக்க முடியுமா என்றும் அந்தப் பெண் கேட்டாள். முடியும் என்று மஞ்சுளா சொன்னாள். எப்படி என்று தெரியாமலேதான் சொன்னாள்.

நாளைக்கு ஆராதனையில் பாட வேண்டும், பழக வேண்டும் என்று சொல்லி எப்சியை அழைத்து வந்துவிடலாம். இதுதான் வழியில் அவள் போட்ட திட்டம்.

நாலு மணிக்கு உண்ணாமலை பண்ணை வேலை முடித்து வீட்டுக்கு வந்திருந்தாள். முதலைப்பட்டிப் பக்கம் ஓட்டு வீடு; புருஷன் இறந்த பிறகு அதில் தாயும் மகளும்தான். மதனின் அப்பா காலத்தில் சபையில் சேர்ந்த குடும்பம். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஹன்னா என்று இருந்தாலும், ஊருக்கும் பண்ணைக்கும் அவள் உண்ணாமலைதான். மஞ்சுளாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“வா மஞ்சுளா, உன்னையத்தான் நெனச்சேன். உக்காரு. எப்சி, அத்தைக்குத் தண்ணி கொண்டா.”

எப்சிபா சொம்போடு வந்து அத்தையின் கண்ணைப் பார்த்துவிட்டுக் கதவோரமாக ஒதுங்கி நின்றாள்.

உண்ணாமலை பீரோவைத் திறந்து ஒரு பை எடுத்தாள். உள்ளே மெரூன் பட்டு. அட்டை பிரிக்காமல் இருந்தது.

“தம்பி சொல்லியிருப்பான். சொல்லலீன்னாலும் நானே வந்து சொல்லோணும்னுதான் இருந்தேன். எப்சிக்கு வியாழக்கிழமை நிச்சயம். பாஸ்டரைக் கூப்புட முடியாது, வயசு கேப்பாரு. நீதான் படிச்சுக்கிட்டு இருக்கியே, நீ வந்து ஜெபம் பண்ணு. என்ற பிள்ளை தலையில நீ கை வெச்சு ஜெபம் பண்ணுனா எனக்கு அது போதும்.”

பாட்டுப் பயிற்சி என்ற பொய்யை மஞ்சுளா விட்டுவிட்டாள்.

“அண்ணி” என்றாள். “நான் போன் பண்ணிச் சொல்லிப்போட்டேன்.”

“யாருக்கு?”

“பிள்ளைங்களுக்கு உதவி பண்றவங்களுக்கு. நாளைக்குக் காலையில ஆளுங்க வருவாங்க. என்ற பேரைச் சொல்லித்தான் சொன்னேன்.”

உண்ணாமலை கத்தவில்லை. புடவையை மெல்லப் பைக்குள் திரும்ப வைத்தாள். வைத்த பிறகும் கை பையை விடவில்லை.

“உன்ற மக ஆஸ்டல்ல இருந்து படிக்கலாம். என்ற மகளுக்கு மட்டும் போலீஸ்.”

“போலீஸ் இல்லீங்க அண்ணி. எப்சியும் படிக்கட்டும்னுதான்.”

“மூத்தவளையும் படிக்கத்தான் அனுப்புனேன். படிச்சாளா? இப்ப எங்கன்னு தெரியுமா? சோறு திங்கறாளா, செத்தாளான்னு தெரியுமா?” உண்ணாமலையின் குரல் உடைந்தது. “பதினஞ்சு வயசுல என்னையக் கட்டிக் குடுத்தாங்க. நான் செத்தா போயிட்டேன்? இதைய ஒரு கையில புடிச்சுக் குடுத்துட்டா, எங்க இருக்கறான்னாச்சும் எனக்குத் தெரியும். அவ்வளவுதான் மஞ்சுளா. எங்க இருக்கறான்னு தெரிஞ்சா போதும் எனக்கு.”

கதவோரம் எப்சிபா அழ ஆரம்பித்திருந்தாள். “நான் போக மாட்டேன்மா. எங்கயும் போக மாட்டேன். படிக்க மட்டும் வைங்க.”

“நீயாடி சொன்னே?”

மஞ்சுளா குறுக்கே வாயைத் திறந்தாள். ஆனால் எப்சிபா முந்திக்கொண்டாள்.

“ஆமாம்மா. வெளியில சொல்லுவேன்னு அத்தை முன்னாடியே சொன்னாங்க. அதனாலதான் எழுதுனேன்.”

வெளியே மதனின் வண்டி வந்து நின்றது. கன்னத்தில் அந்த நீலக் கோடு அப்படியே இருந்தது. உள்ளே வந்தவன் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அக்காவின் எதிரே தரையில் உட்கார்ந்தான்.

“என்றகிட்ட ப்ளஸ் டூ முடிச்சுத்தான்னு சொன்னியேக்கா.”

உண்ணாமலை அவனைப் பார்த்தாள். மஞ்சுளாவிடம் காட்டிய கோபம் அவனிடம் வரவில்லை. தலை கவிழ்ந்தது.

“உன்றகிட்ட நெசத்தைச் சொன்னா நீ நிப்பாட்டிருப்பே.”

“நிப்பாட்டித்தான் இருப்பேன்.”

“அதான்.”

மஞ்சுளா எழுந்து போய் எப்சிபாவைத் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். ஒன்பது மாதம் எழுதிய நோட்டில் இந்த நேரத்தில் சொல்ல ஒரு வரிகூட இல்லை. இருந்திருந்தாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள்.

“மஞ்சுளா” என்றாள் உண்ணாமலை. குரல் வேறு மாதிரி இருந்தது. “நீ பேசுனியே, அந்த நம்பரு. போன பிள்ளைங்களையும் தேடிக் குடுப்பாங்களா?”

மஞ்சுளா எப்சிபாவையும் கூட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்தாள்.

“போகும்போது ரூத்துக்குப் பதினேழுதான். ஊரு என்ன சொல்லுமோன்னு நான் ஸ்டேஷன் பக்கமே போகல. யாருகிட்டயும் எழுதிக் குடுக்கல. ரெண்டரை வருஷம் ஆச்சு.” அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “இப்பச் சொன்னா கேப்பாங்களா?”

“கேப்பாங்க அண்ணி. நாளைக்கு வாரப்ப நாமளே சொல்லுவோம். நான் கூட இருக்கேன்.”

அப்போதுதான் ஜன்னல் திட்டில் இருந்த உண்ணாமலையின் போன் அடித்தது. எப்சிபா எட்டிப் பார்த்தாள். அவள் உடம்பு விறைத்ததை மஞ்சுளா தன் கைக்குள் உணர்ந்தாள்.

“தம்மம்பட்டி. மாப்பிள்ளையோட பெரியப்பா.”

மதன் கை நீட்டினான். “குடு. நான் பேசறேன்.”

“நீ பேசாத” என்றாள் உண்ணாமலை. “வாக்குக் குடுத்தது நான். இல்லைன்னு சொல்றதும் நானாத்தான் இருக்கோணும். அவிய வீட்டுலயும் பந்தல்காரன் வரைக்கும் சொல்லியாச்சு.”

அவள் எழுந்தாள். அடித்து ஓய்ந்த போன் மறுபடியும் அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவிழ்ந்திருந்த கொண்டையை இறுக்கி முடித்து, போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

“சொல்லுங்க. ம், நல்லாருக்கறோம். உங்ககிட்டயே பேசோணும்னுதான் இருந்தேன்.”

பேசிக்கொண்டே வாசலைத் தாண்டி, கொய்யா மரம்வரை போய்விட்டாள். இங்கிருந்து அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. இடது கை மேலும் கீழும் போனது, பிறகு நின்றுவிட்டது. என்ன சொல்கிறாள் என்று உள்ளே இருந்த மூன்று பேருக்கும் கேட்கவில்லை. போனைக் காதோடு அழுத்தியபடி நின்றாள். எதிர்ப்பக்கம்தான் பேசிக்கொண்டிருந்தது.